பழைய ஃபைல் ரிவ்யூ

திங்கட்கிழமை காலை மெயிலைத் திறந்ததும் முதல் வரியிலேயே ஒரு ரத்து அறிவிப்பு உட்கார்ந்திருந்தது. "ரத்து செய்யப்பட்டது: பழைய ஃபைல் ரிவ்யூ. இடம்: இரண்டாம் மாடி சின்ன அறை. தினமும் காலை பதினொன்று, மாலை மூன்று." இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது எனக்குக் காது சூடாகிவிட்டது.

எங்கள் ஆபீசில் பழைய ஃபைலும் கிடையாது, ரிவ்யூவும் கிடையாது. காகிதத்தையெல்லாம் கிழித்து மூட்டை கட்டி அனுப்பிப் பல வருஷமாகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் நடந்தது வேறு விஷயம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் பெரியக்காவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவில் நின்றாலும் போன் என் மேஜைக்குத்தான் வரும். உள்ளே மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம், "பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு, கதவைத் தள்ளாதீங்க" என்று சொல்லிக்கொண்டே, மறு கையால் பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார் என்று தேட வேண்டும். இந்த வேலையில் எனக்குக் குரல் பெரிசாகிவிட்டது, பொறுமை சிறிசாகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும்.

பெரியக்கா என்றால் என் கூடப் பிறந்தவள் இல்லை, ஆபீசில் எங்களுக்கெல்லாம் மூத்தவள், அப்போது கணக்குப் பிரிவில் இருந்தாள். பிள்ளை பெற்று லீவு முடிந்து வந்தவளுக்குப் பால் எடுத்து வைக்க ஓர் இடம் இல்லை. இரண்டாம் மாடியில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமென்றால் காலண்டரில் புக் பண்ண வேண்டும். புக் பண்ணினால் மீட்டிங் பெயர், கதவுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கிற குட்டித் திரையில், வருகிறவன் போகிறவன் எல்லாம் படிக்கிற மாதிரி எரியும். பெரியக்கா யோசித்துவிட்டு என்னிடம் சொன்னாள், "எந்த ஆம்பளையும் 'நானும் வரட்டுமா'ன்னு கேக்காத பேரா ஒண்ணு வேணும்டி." அப்படி வந்ததுதான் பழைய ஃபைல் ரிவ்யூ. தினமும் இரண்டு வேளை, வேளைக்கு அரை மணி, முடிவுத் தேதி இல்லை.

பெயரின் மகிமையைச் சொல்ல வேண்டும். அறைக்காக ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிற விற்பனைப் பிரிவு ஆட்கள்கூட அந்தத் திரையைப் படித்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினார்கள். ஒருத்தர்கூட எட்டிப் பார்த்ததில்லை. பெரியக்காவுக்கு அடுத்து நான். என் மகளுக்கு இப்போது என்னை எதிர்த்துப் பேசுகிற வயசு, அவளும் அந்த அறையில் நான் எடுத்த பாலில் வளர்ந்தவள்தான். எனக்கு அடுத்து வரவேற்பு மேஜைப் பெண், அப்புறம் கிடங்கில் இருந்தவள். முறை வந்தவள் அழைப்பில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்வாள். முறை முடிந்தாலும் பெயரை எடுக்க மாட்டாள். பெரியக்கா வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் போட்ட மீட்டிங் மட்டும் போகாமல் நின்றது. உள்ளே கைவைத்த நாற்காலி ஒன்று, ஜன்னலுக்குத் திரை, கேண்டீனில் தூக்கிப் போட இருந்ததைக் கெஞ்சி வாங்கிய குட்டி ஃபிரிட்ஜ். அவ்வளவுதான் சொத்து.

இப்போது முறை புதுசினுடையது. அவள் வந்து மூன்று வருஷமாகிறது. அவளுக்கு அப்புறம் கம்பெனி யாரையும் எடுக்கவில்லை, அதனால் இன்னும் அவள்தான் புதுசு. எனக்குப் பின் மேஜை, கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற வேலை. வாயைத் திறந்து பேசினால் அதிசயம். அவளுக்குக் குழந்தை நாள் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்டது. நான் பார்க்கப் போனபோது ஒரு உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது. எடை ஏறுகிற வரை தாய்ப்பால்தான், வேறு எதுவும் வேண்டாம் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். லீவு முடிந்துவிட்டது. இவள் ஆபீசில் எடுத்து வைத்துக் கொண்டுபோவதை அவள் அம்மா மறுநாள் பாலாடையில் புகட்டுகிறாள். நேரத்துக்கு எடுக்காவிட்டால் முதலில் கட்டிக்கொண்டு வலிக்கும், அப்புறம் சுரப்பு குறைந்துகொண்டே வரும். "வத்திப்போச்சுன்னா வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காந்துடுவேன்க்கா. புள்ளையா வேலையான்னா நான் என்ன சொல்றது" என்று வந்த முதல் நாளே சொன்னாள்.

இந்த நிலையில்தான் சிஸ்டம் கை வைத்தார். சிஸ்டம் என்பது எங்கள் கம்ப்யூட்டர் ஆள். எதைக் கேட்டாலும் "சிஸ்டம் அப்படித்தான்" என்பார், அதுவே பெயராகிவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவர் மேஜையைப் பார்த்தால் மனுஷன் உட்காருகிற இடம் மாதிரியே இருக்காது, ஒரு தூசு இருக்காது. அவர்தான் எல்லாருக்கும் மெயில் அனுப்பியிருந்தார். மெயில் சர்வர் நிரம்பி வழிகிறது, இரண்டு வருஷத்துக்கு முந்தைய காலண்டர் டேட்டா எல்லாம் வெள்ளிக்கிழமை நீக்கப்படும், வேண்டியவர்கள் தனியாகச் சேமித்துக்கொள்ளவும் என்று. நான் அதைப் படித்து நல்லதுதான் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்த மீட்டிங்கை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? என் மெக்கானிக்குகள் போய் வந்த பழைய விசிட்டுகளை மட்டும் ஒரு ஃபைலாக இறக்கிவைத்துக்கொண்டேன். இன்றைக்கு நடக்கப்போகிற ஒன்று பழசு ஆகும் என்று எந்தப் புத்தியுள்ளவளுக்குத் தோன்றும்?

பதினொன்றுக்குப் புதுசு தன் கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அக்கா, உள்ள ஆளுங்க இருக்காங்க."

நான் படியில் இரண்டிரண்டாக ஏறினேன். விற்பனைப் பிரிவு ஆட்கள் நாலு பேர், மேஜை முழுக்க லிஃப்ட் பட்டன் மாதிரிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எங்கள் நாற்காலியில் ஒருவன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது புக் ஆன ரூம்" என்றேன்.

"இல்லியே மேடம், காலண்டர்ல பச்சையா இருந்துச்சு. இந்த வாரம் பூரா நாங்கதான்" என்று அவன் திரையைக் காட்டினான். காட்டிவிட்டு, "உங்க ஃபிரிட்ஜ்ல தண்ணி பாட்டில் வெச்சிருக்கோம், பரவால்லல்ல?" என்றும் கேட்டான்.

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவந்தேன். புதுசு பையோடு கழிவறைக்குப் போயிருந்தாள். கழிவறை! நாம் சாப்பிடுகிற எதையாவது அங்கே கொண்டுபோய் வைப்போமா? அவள் நின்றுகொண்டே எடுத்திருக்கிறாள். வெளியே நின்றவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாளாம். பாதியில் வந்துவிட்டாள்.

நேராகச் சிஸ்டத்திடம் போனேன்.

"தினமும் நடக்கிற மீட்டிங்கைப் பழசுன்னு எப்படி அழிச்சீங்க?"

அவர் நிதானமாகத் திறந்து பார்த்தார். "ஆரம்பிச்ச தேதி ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி மேடம். சிஸ்டம் ஆரம்ப தேதியத்தான் பாக்கும்."

"நீங்க பொறந்து அம்பது வருஷம் ஆச்சு. உங்களையும் அழிச்சிடுமா?"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். சிஸ்டம் சிரிக்கவில்லை. "மத்த தினசரி மீட்டிங்குக்கெல்லாம் ஓனர் இருந்தாங்க, அவங்களுக்குக் கேள்வி அனுப்பினேன், வேணும்னாங்க, விட்டுட்டேன். இதுக்கு ஓனர் அக்கவுண்டே மூடியாச்சு. பதில் சொல்ல ஆள் இல்ல."

"அழைப்புல நாலு பேர் இருக்கோமே, எங்களைக் கேக்கலாமே?"

"நீங்க விருந்தாளி மேடம். ஓனர் மட்டும்தான் மாத்த முடியும், ஓனர் மட்டும்தான் திருப்பிக் கேக்க முடியும்."

"அவ போய் அஞ்சு வருஷமாச்சுய்யா!"

"சிஸ்டம் அப்படித்தான்" என்றார். புதிதாகப் போட வேண்டுமானால், தினசரி மீட்டிங் என்பதால், நோக்கம் எழுதி மேலாளர் ஒப்புதல் வாங்க வேண்டும், இந்தப் புது விதி போன மாசம் வந்தது என்று சொல்லி ஒரு படிவத்தை என் கையில் கொடுத்தார். நோக்கம் என்று ஒரு கட்டம். இரண்டு சொல் எழுதுகிற அகலம்தான் இருந்தது.

நான் அங்கேயே எழுதியிருப்பேன். பேனாவையும் எடுத்தேன். புதுசு பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. எழுதாதீங்க. அது ஊர் பூரா படிக்கும். நாளைலேர்ந்து நான் எப்படி அவங்க முன்னாடி நடக்குறது?"

"இதுல என்னடி வெக்கம்?"

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு."

 பிள்ளை அவளுடையது, உடம்பு அவளுடையது. படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். மறுநாளும் அவள் கழிவறைக்குத்தான் போனாள். மத்தியானம் கான்ட்ராக்ட் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் சட்டையில் ஈரம் படர்ந்துவிட்டது. ஃபைலை மார்போடு அணைத்துப் பிடித்தபடி மீதிக் கூட்டம் முழுக்க நின்றாள். எதிரில் உட்கார்ந்திருந்த மேலாளர், "உக்காருங்களேன், ஏன் நிக்கிறீங்க" என்று கரிசனமாகக் கேட்டார். சாயங்காலம் அவள் கையைத் தொட்டால் அனலாகக் கொதித்தது. அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோன பாட்டிலில் கால்வாசிகூட இல்லை.

வீட்டுக்குப் போய் வெங்காயத்தைப் போட்டு நறுக்கு நறுக்கு என்று நறுக்கினேன். என் வீட்டுக்காரர் டயர் கடையில் வேலை செய்கிறவர், கையைக் கழுவிக் கழுவியும் கறுப்புப் போகாமல் வந்து பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமா, நீங்க ஏன் பொய்ப் பேரு வெச்சீங்க?" என்றார்.

"என்னது?"

"பழைய ஃபைல்னு எழுதி வெச்சா பழசுன்னுதான தூக்கிப் போடுவான். பால்னு போட்டிருந்தா அவன் கை நடுங்கியிருக்காது?"

"ஓஹோ! அன்னிக்கு நான் பால்னு போட்டிருந்தா மறுநாளே உங்க சொந்தக்காரங்கள்ல ஒருத்தர், 'உங்க வீட்டுக்காரம்மா ஆபீஸ்ல போர்டு மாட்டியிருக்காங்களாமே'ன்னு உங்க கடைக்கே வந்து கேட்டிருப்பார். நீங்களும் தலையக் குனிஞ்சுட்டு வீட்டுக்கு வந்திருப்பீங்க. பேச வந்துட்டார்!"

அவர் மீதி வெங்காயத்தை வாங்கி உரித்தார். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. ஆனால் சரி என்று அவரிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை புதுசு வந்து என் மேஜையில் ஒரு கவரை வைத்தாள். ராஜினாமாக் கடிதம். வெள்ளிக்கிழமை வரை பார்ப்பாளாம், இல்லாவிட்டால் கொடுத்துவிடுவாளாம். நான் அதை அவள் பையிலேயே திருப்பித் திணித்தேன். படிவத்தை எடுத்து, நோக்கம் என்ற கட்டத்தில், அவளுக்காக, "பழைய ஃபைல் ரிவ்யூ" என்று எழுதி மேலாளர் அறைக்கு எடுத்துப் போனேன்.

மேலாளருக்கு ஆபீசில் பெயர் அஜெண்டா. "டீ சாப்பிடலாமா சார்" என்றாலும் "அஜெண்டா என்ன?" என்று கேட்கிறவர். குடைந்து குடைந்து கேட்பார், எல்லாம் வெளிவந்துவிடும் என்று பயந்துகொண்டுதான் நின்றேன். அவர் படிவத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"என்னங்க இது, இதை அழிச்சிட்டாங்களா? ஐயய்யோ! இந்த மீட்டிங்கைப் பத்தித்தான் தலைமை ஆபீசுக்கு எழுதியிருக்கேன்!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எதைப் பத்தி சார்?"

"ரூம் உபயோக ரிப்போர்ட் மாசாமாசம் எனக்கு வருதுல்ல? ஒம்பது வருஷமா ஒரு நாள் விடாம நடக்கிற மீட்டிங் நம்ம கிளையில இது ஒண்ணுதான். தினமும் ரெண்டு வேளை பழைய ஃபைல் பாக்குறாங்கன்னா சும்மாவா? இந்த வருஷம் சிறந்த கிளைப் பட்டியல்ல நம்ம பேரு வந்ததே இதாலதான்." பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். அஜெண்டா என்ன என்று கேட்கவில்லை! "யாருங்க நடத்துறது?"

புதுசின் பெயரைச் சொன்னேன்.

"அமைதியான பொண்ணு. அவங்களையே ஓனரா போடச் சொல்லுங்க. என்னையும் அழைப்புல சேத்துடச் சொல்லுங்க. இத்தனை நாள் எட்டிக்கூடப் பாக்காம இருந்துட்டேன், நாளைலேர்ந்து நானும் வரேன்."

"நீங்க எதுக்கு சார்? ரொம்ப போரடிக்கும்."

"ஃபைல்னா எனக்கு உயிருங்க" என்றார்.

வெளியே வந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம்தான் ஆத்திரம் வந்தது, அடிவயிற்றிலிருந்து வந்தது. இல்லாத ஃபைலுக்கு, கண்ணால் பார்க்காத ஃபைலுக்கு, ஒரு நிமிஷத்தில் கையெழுத்து! உயிரோடு இருக்கிற ஒரு குழந்தைக்காக என்றால் கட்டம் போதாது, விதி இல்லை, வெட்கம் வேறு. அந்தச் சிறந்த கிளைப் பட்டியல் எங்கள் அஞ்சு பேருடைய மார்பில் சுரந்தது. அதற்கு இவர் மாலை போட்டுக்கொள்கிறார்.

மேலாளர் கையெழுத்தைப் பார்த்ததும் சிஸ்டம் விற்பனை ஆட்களின் புக்கிங்கை எடுத்துவிட்டு மத்தியானமே போட்டுக்கொடுத்தார். ஓனர் புதுசு. அழைப்பில் நானும் மேலாளரும். மேலாளர் அந்த நிமிஷமே "வருகிறேன்" என்று பதில் அழுத்தியிருந்தார். புதுசுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அவர் எங்கக்கா வருவார், சும்மா சொல்லியிருப்பார்" என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வியாழக்கிழமை பதினொன்றுக்கு அவர் வரவில்லை, வெளியே ஏதோ வேலை. புதுசு முழு அரை மணி உட்கார்ந்து எடுத்தாள். இறங்கி வந்தபோது காய்ச்சல் விட்ட முகம் மாதிரி இருந்தது. மத்தியானம் மூன்றுக்கு மறுபடி போனாள். நான் அன்றைக்குப் போனைப் பக்கத்து மேஜைக்கு மாற்றிவிட்டு அவள் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன்.

நின்றது நல்லதாயிற்று. படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார் மேலாளர். தனியாக வரவில்லை. பின்னால் விற்பனைப் பிரிவுத் தலைவர், கைகளில் தூசி படிந்த நாலு தடி ஃபைல்.

"என் அலமாரியிலேயே இத்தனை பழசு கிடந்திருக்கு பாருங்க மேடம். ரிவ்யூவுக்குக் கொண்டுவந்துட்டேன்" என்றார் மேலாளர் பெருமையாக.

"உள்ள மீட்டிங் நடக்குது சார்."

"அதுக்குத்தான வந்திருக்கேன்." கைப்பிடியைத் திருகினார். "ஏன் பூட்டியிருக்கு? மீட்டிங்குக்குக் கதவைப் பூட்டுவாங்களா?" உள்ளேயிருந்து பம்பு சத்தம் டுர்ர், டுர்ர் என்று கேட்டது. அவர் காதைச் சாய்த்தார். "என்ன சத்தம் அது? ஃபைலை மெஷின்ல போட்டுக் கிழிக்கிறாங்களா? ரிவ்யூ பண்ணாமலே கிழிக்கிறாங்களா?"

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று நான் கதவை மறைத்து நின்றேன்.

"என்னங்க மறைக்கிறீங்க? நான் மேலாளர். என்னையும் கூப்பிட்டிருக்கு, இதோ போன்ல இருக்கு." இப்போது குரல் உயர்ந்துவிட்டது. "கதவைத் திறக்கச் சொல்லுங்க!"

லிஃப்டுக்குள் மாட்டினவர்கள் காதில் விழுகிற குரலை எடுத்து நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் தாழ்ப்பாள் சத்தம். பம்பு நின்றிருந்தது. கதவு ஒரு ஆள் முகம் தெரிகிற அளவு திறந்தது. புதுசு துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியபடி நின்றாள். கையில் பாட்டில்.

"சார், இங்க பழைய ஃபைல் எதுவும் இல்ல. நான் பால் எடுத்துட்டு இருக்கேன். என் குழந்தைக்கு." ஒரு நடுக்கம்கூட இல்லாமல், என்னிடம் பேசுவதைவிடத் தெளிவாகச் சொன்னாள். "இன்னும் பாதிதான் ஆச்சு. முடிச்சுட்டு வரேன்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். டுர்ர் மறுபடி தொடங்கியது.

விற்பனைத் தலைவர் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். மேலாளர் சுவரைப் பார்த்தார், குட்டித் திரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அந்த ஒரு வார்த்தைதான். அவர் திட்டியிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன்.

"எங்க சார் சொல்றது? இத்தனூண்டு கட்டத்துலயா? ஒம்பது வருஷமா அஞ்சு பொம்பளைங்க திருடிங்க மாதிரி பையை மறைச்சு மறைச்சு இந்தப் படி ஏறினோம். அந்தப் பொண்ணு ரெண்டு நாளா கக்கூஸ்ல நின்னு எடுத்துச்சு. காய்ச்சலோட உங்க கூட்டத்துல நின்னுச்சு, உக்காருங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. ராஜினாமா எழுதிப் பையில வெச்சிருக்கு, தெரியுமா? ஃபைல்னதும் ஒரு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டீங்களே, பால்னு எழுதிக் கொண்டுவந்திருந்தா போட்டிருப்பீங்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மரியாதையை நான் அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். "கொஞ்சம்... யோசிச்சிருப்பேன்" என்றார்.

"யோசிங்க சார். நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுக்குப் பால் வத்திடும்."

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.  வேலை போனால் போகட்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. வீட்டுக்குப் போகிற வழியில்தான் மாசக் கடைசியில் கட்ட வேண்டியதையெல்லாம் விரல்விட்டு எண்ணினேன்.

புதுசு வெளியே வந்தபோது பாட்டில் நிறைந்திருந்தது. மேஜைக்கு வந்தவள் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காலண்டரைத் திறந்தாள். பெயர் இருந்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்தாள். ஒற்றை விரலால் அடித்தாள். பால். "எல்லோருக்கும் தெரிவிக்கவா?" என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். என் மெயிலில் டிங் என்றது. மேலாளர் அறையிலும் டிங் என்றது.

"வெக்கமா இருக்குன்னு சொன்னியேடி?" என்றேன்.

"கதவைத் திறந்ததோட போயிடுச்சுக்கா" என்றாள். அப்புறம் பையிலிருந்து கவரை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் படி ஏறுகிற எல்லாரும் நின்று நின்று படித்தார்கள். "இப்போது: பால்." சுவரில் அப்படி ஒரு வெளிச்சம். விற்பனை ஆட்கள் தண்ணீர் பாட்டிலை அவர்களாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் திரையைப் படம் பிடித்துப் பெரியக்காவுக்கு அனுப்பினேன். "அடிப்பாவிங்களா!" என்று பதில் வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது, "எனக்கு ஏன் அன்னிக்கு இது தோணல?"

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு பெரிய குடியிருப்பின் ஆட்கள் வந்தார்கள், முப்பது லிஃப்ட் கான்ட்ராக்ட். பெரிய கூட்ட அறை, மேலாளரின் மடிக்கணினி சுவரில் பெரிசாகத் தெரிகிறது, அவர் எழுந்து நின்று எங்கள் சேவையின் தரத்தைப் பற்றி நீட்டி முழக்குகிறார். நானும் புதுசும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறோம். சரியாக அப்போது சுவரின் மூலையிலிருந்து ஒரு கட்டம் எழும்பி வந்தது. "இன்னும் பதினைந்து நிமிடத்தில்: பால். நீங்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்."

குடியிருப்புக்காரர்களில் தலை நரைத்த அம்மா ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்து படித்துவிட்டு, "நல்ல கம்பெனிங்க, நேரத்துக்குப் பால் குடுக்குறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரிக்க வேண்டியதாயிற்று. புதுசு மட்டும் சிரிக்காமல் பையை எடுத்துக்கொண்டு, "நான் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லி எல்லார் முன்னாலும் எழுந்து போனாள்.

அவர்கள் கிளம்பின பிறகு மேலாளர் எங்கள் மேஜைக்கு வந்தார். இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.

"ரூம் உங்களுதுதான்மா, அதுல மாத்தமே இல்ல. பேரை மட்டும் கொஞ்சம் மாத்தலாமா? வெளியாளுங்க வர்ற இடம். எங்க போனாலும் என் போன்லயும் அது வந்து நிக்குது. நான் சிஸ்டத்தைக் கூப்பிட்டு மாத்தச் சொல்லட்டுமா?"

நான் நாற்காலியைத் திருப்பினேன், வாய் துறுதுறுவென்றது. புதுசு என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். எழுந்து நின்றாள்.

"அவரால முடியாது சார். ஓனர் மட்டும்தான் மாத்த முடியுமாம்."

"ஓனர் யாரு?"

"நான்தான் சார்" என்றாள் புதுசு.